சாமிப் படம் என்று சொல்லி உட்கார வைத்த கதை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் நகரத்தார் வீடுகளில் எடுக்கும் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறீர்கள். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டில் எட்டு வயதுப் பையனிலிருந்து எண்பதைத் தாண்டிய பெரியவர் வரை 14 பேர் கூடுகிறீர்கள். இழை எடுக்கும் சடங்கு முடிந்த பிறகு எல்லாரும் சேர்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும். வில்லும் வாளும் துரத்தலுமாக அந்தக் காலத்துச் சாகசமாக இருக்க வேண்டும், ஹாலிவுட் வேண்டாம், இதுவரை யாரும் பார்த்திராத வேற்றுமொழிப் படமாக இருந்தால் நல்லது. ஆனால் பாதிப் பேருக்கு சப்டைட்டில் படிக்க வராது. என்ன படம், எப்படிப் பார்ப்பது?

படத்தைச் சொல்லிவிடுகிறேன்: 'ஓஃபெலாஷ்'. 1987-ல் நார்வேயில் எடுத்தது. இயக்குநர் நில்ஸ் கவுப். வழி காட்டுகிறவன் என்று பெயருக்குப் பொருள். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், காரைக்குடியில் பதினைந்து வருஷம் வீடியோ கடை வைத்திருந்தேன். கல்யாண வீடுகளுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு அனுப்புவோம், நாலு கேசட் இலவசம். 2002 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து வந்த அயித்தான் ஒருவர் தள்ளுபடிப் பெட்டியில் அள்ளிய டிவிடிக்களை ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இதுவும் ஒன்று. அட்டையில் பனி, ஒரு வில், ரோமத்தொப்பி போட்ட பையன். எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் "ஐஸ்ல எடுத்த படமா?" என்று கேட்டுவிட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நானும் போட்டுப் பார்க்கவில்லை. கடையை மூடும்போது அட்டைப்பெட்டியில் கட்டி வீட்டுக்கு வந்து, மேங்கோப்பில் ஏறிவிட்டது. உலகம் கவனிக்காத படம் என்று நான் பிறரைக் குறை சொல்ல முடியாது. ஏழு வருஷம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் அது கிடந்தது.

2009 நோன்பன்று ராத்திரி கேபிள் போய்விட்டது. பிள்ளைகள் நச்சரித்தார்கள். பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்ததில் இது கையில் வந்தது. "என்ன பாஷை?" என்று அப்பத்தா கேட்டார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "சாமி" என்றேன். அப்பத்தா எழுந்துபோய்க் கை கால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சாமி என்பது ஒரு இனத்தின் பெயர். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றின் வடகோடியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் பரவி வாழ்கிற மக்கள். கலைமான் மேய்த்தல், மீன்பிடி, வேட்டை என்று வாழ்ந்தவர்கள். படத்தில் பேசுவது வடக்குச் சாமி மொழி. அதைப் பேசுகிறவர்கள் 20,000 பேரைச் சுற்றித்தான் இருப்பார்கள். நம்ம காரைக்குடி ஊருக்குள் இருக்கிற ஜனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அந்த மொழியில் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் இதுதான். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து சுமார் நூறு வருஷம் நார்வேப் பள்ளிக்கூடங்களில் சாமிப் பிள்ளைகளைத் தாய்மொழி பேச விடாமல் வளர்த்தார்கள். ஆல்டா ஆற்றில் அணை கட்டக் கூடாது என்று 1979-ல் ஓஸ்லோ நாடாளுமன்றத்தின் முன்னால் சாமி இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை எப்படியும் வந்தது. ஆனால் 1989-ல் நார்வேயில் சாமிகளுக்கென்று தனி மன்றமும் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்த படம் இது. படத்தில் அரசியல் ஒரு வரிகூடப் பேசமாட்டார்கள். வில்லும் பனியும்தான்.

கதை இவ்வளவுதான். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஐகின் என்று ஒரு பையன். வேட்டையிலிருந்து திரும்பும்போது, கறுப்பு உடுத்திய ஒரு கொள்ளைக் கூட்டம் தன் அப்பாவையும் அம்மாவையும் தங்கையையும் கொல்வதைத் தூரத்திலிருந்து பார்க்கிறான். அவன்மீதும் அம்பு பாய்கிறது. தப்பிப் பக்கத்துக் கூடாரங்களுக்கு ஓடுகிறான். அங்கே சண்டை: "உன் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இங்கேயும் வருவார்களே" என்று. பெண்களும் பிள்ளைகளும் கடற்கரைப் பக்கம் கிளம்புகிறார்கள். ஐகின் கூட்டத்தின் கையில் மாட்டிக்கொள்கிறான். உயிரோடு பிடித்த பெரியவர் ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமானால், மற்றவர்கள் ஒளிந்திருக்கும் இடத்துக்கு அவன் வழி காட்ட வேண்டும். ராத்திரி, மலை, கையில் தீப்பந்தம். அதற்குமேல் நான் சொல்லமாட்டேன்.

இவ்வளவு நல்ல படம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? ஆஸ்கரில் வேற்றுமொழிப் பட வரிசையில் 1988-ல் இது இருந்தது. அதே வரிசையில் பிரெஞ்சுக்காரர் லூயி மால் எடுத்த பள்ளிக்கூடப் படமும் இருந்தது, பரிசை டென்மார்க்கின் 'பாபெட்டின் விருந்து' வாங்கிக்கொண்டு போனது. இரண்டாவது காரணம்தான் உங்களுக்கு முக்கியம். 'பாத்ஃபைண்டர்' என்று ஆங்கிலப் பெயரில் தேடினால் 2007-ல் வந்த ஹாலிவுட் படம் முன்னால் வந்து நிற்கும். அது இதே கதையை எடுத்து அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் வைக்கிங்குகளுக்கும் மாற்றிப் போட்டது. ரத்தக்களரி. தெரியாமல் அதைப் போட்டுவிட்டால் எட்டு வயதுப் பையனோடு சேர்த்து அவன் ஆத்தாவும் எழுந்து போய்விடுவார். 1987 என்ற வருஷத்தையும் நில்ஸ் கவுப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். 'வெய்விசரென்' என்ற நார்வே மொழிப் பெயரிலும் கிடைக்கும்.

குடும்பத்தோடு பார்க்க இதை நான் முதலில் நிறுத்துவதற்கு ஒரே காரணம், இதில் பேச்சு குறைவு. வேற்றுமொழிப் படம் என்றாலே சப்டைட்டில்தான் தொல்லை என்று நினைக்கிறோம். தொல்லை சப்டைட்டிலில் இல்லை, வாய் மூடாத படங்களில் இருக்கிறது. அரண்மனைக்குள் நாலு பேர் நின்று சூழ்ச்சி பேசுகிற படத்தை 14 பேருக்கு யாராலும் சொல்லி முடிக்க முடியாது. பனியில் ஒருவன் ஓடுகிறான், பின்னால் பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சமிருக்கிற பேச்சை ஒருவர் தமிழில் படிக்க வேண்டும். இது ஒன்றும் புது ஏற்பாடு இல்லை. ஊமைப்படக் காலத்தில் ஜப்பானில் 'பென்ஷி' என்று திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதற்கே ஆட்கள் இருந்தார்கள், நடிகர்களுக்கு நிகரான பேர் அவர்களுக்கு. நம் பக்கத்தில் எடுத்துக்கொண்டால், காரைக்குடிக்காரர் ஏவி. மெய்யப்பன் 1943-ல் கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க்குரல் சேர்த்து 1944-ல் வெளியிட்டார். தமிழில் டப்பிங் என்ற சங்கதி அங்கேதான் தொடங்குகிறது. ஒரு காலத்தில் அவர் ஸ்டூடியோ இருந்ததும் தேவகோட்டை ரஸ்தாவில்தான். 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். ஆகவே வேறொரு பாஷைக்காரன் வாயில் தமிழை வைப்பது நமக்குப் பழகிய வேலை.

எங்கள் வீட்டில் முதல் தடவை நானே உடனுக்குடன் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். தடுமாற்றம். அடுத்த வருஷம் பிள்ளைகள் மறுபடி கேட்டபோது, முன்கூட்டியே ஒருநாள் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி படித்தாள். ஒவ்வொரு வரியும் படிக்க வேண்டாம். ஒருவன் கத்தினால் கத்துகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். பேசி முடித்த பிறகு படிக்க வேண்டும், பேசும்போதே படித்தால் இரண்டும் காதில் விழாது.

எழுதும்போது சில சொற்களில் மாட்டிக்கொண்டேன். கதையில் 'நோவாய்தி' என்று ஒருவர் வருகிறார். மேளத்தை அடித்து, ஆவி உலகத்தோடு பேசி, குறி சொல்கிறவர். பூசாரி என்று எழுதினால் பொருந்தவில்லை. கோடாங்கி என்று எழுதினேன். உடுக்கையும் இருக்கிறது, குறியும் இருக்கிறது. அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "கோடாங்கி காசு வாங்குவான். இவரு வாங்கலியே. சாமியாடின்னு சொல்லு" என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் சாமியாடிதான். அந்த மேளங்களைப் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பாதிரிமார்கள் தேடிப் பிடித்து எரித்தார்கள், மிஞ்சியவை கொஞ்சம்தான் என்று நான் சொன்னபோது, படத்தில் மேளம் வருகிற இடத்தில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்தார்கள்.

கலைமான் மேய்ப்பவர்களின் குடியிருப்புக்கு 'சீதா' என்று பெயர். அப்படியே படித்தால் ராமாயணம் ஆகிவிடும். 'கிடை' என்று வைத்தேன். ஆட்டுக்கிடை போடுகிறதைப் பார்த்த ஊர்தானே, உடனே புரிந்துகொண்டார்கள். கொள்ளைக் கூட்டத்தின் பெயரைத் தமிழில் அப்படியே உச்சரிக்கவே வேண்டாம், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துப் படமே கெட்டுவிடும். 'கறுப்பாடைக்காரர்' போதும்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். மனிதனும் விலங்கும் காற்றும் எல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று சாமியாடி சொல்கிறார். பையன் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லையே என்கிறான். பெரியவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவன் மூச்சை அடைத்துவிடுகிறார். பையன் திமிறுகிறான். விட்ட பிறகு அவன் இழுக்கிற அந்த மூச்சு இருக்கிறதே, அதுதான் பதில். பட்டாலைக் கூடத்தில் அத்தனை பேரும் அந்த நேரம் மூச்சை இழுத்ததை நான் கேட்டேன். அங்கே நான் ஒன்றும் படிக்கவில்லை.

பாட்டு வருகிறதா என்று கேட்பார்கள். வரும், நாம் நினைக்கிற பாட்டு இல்லை. 'யோய்க்' என்பது சாமிகளின் குரலிசை. ஒரு ஆளைப் பற்றியோ விலங்கைப் பற்றியோ பாடுவதில்லை, அந்த ஆளையே பாடுவது என்பார்கள். சொல் குறைவு, ராகம் சுற்றிச் சுற்றி வரும். இசையமைத்தவர்களில் ஒருவரான நில்ஸ்-அஸ்லாக் வல்கேயபா படத்தில் நடித்தும் இருக்கிறார். 1994-ல் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்கவிழாவில் யோய்க் பாடியவர் அவர்தான்.

இனி அப்பத்தாவின் வீட்டுக்காரர், எங்கள் ஐயா விஷயம். நான் இந்தப் படத்தைச் சொல்வதில் பாதி அதற்காகத்தான்.

ஐயாவுக்கு அப்போது 83. எந்தப் படம் போட்டாலும் பத்தாவது நிமிஷம் சாய்வு நாற்காலியில் தூங்கிவிடுவார். அன்றைக்கும் தூங்கினார். மலையில் ராத்திரி நடக்கிற கட்டத்தில், கறுப்பாடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கயிற்றால் கட்டிக்கொண்டு, முன்னால் போகிற பையனின் பந்தத்தை மட்டும் பார்த்து ஏறுகிறார்கள். "நிப்பாட்டு" என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பதினைந்து வயதில் ரங்கூனுக்குப் போனவர். மொகல் தெருக் கடையில் பெட்டியடிப் பையன். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டது, கடையைப் பூட்டிக்கொண்டு வடக்கே கிளம்பியது, மாண்டலே வழியாகத் தமு, அங்கிருந்து மலை ஏறி இம்பால், பிறகு திமாப்பூரில் ரயில். இவ்வளவு எல்லாருக்கும் தெரியும். "நடந்து வந்தோம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த ராத்திரிதான் நடையைச் சொன்னார். தமுவைத் தாண்டி ஒரு மலைக்காரர் வழிகாட்டியாக வந்திருக்கிறார். பாஷை தெரியாது. அவர் கையில் மூங்கில் பந்தம். பந்தம் அணைந்துவிட்டால் நிற்க வேண்டும், நின்றால் பின்னால் வருகிறவர் மேலே மோத வேண்டும்.

"மூணு ராத்திரி நான் முன்னால போறவன் குதிங்காலைத் தவிர வேற எதையும் பாக்கல. அவன் பள்ளத்துல இறங்கினா நானும் இறங்கியிருப்பேன்" என்றார்.

கடைசியில் வழிகாட்டி கூலி கேட்டபோது கையில் காசு இல்லை. காதிலிருந்த கடுக்கனில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

அப்பத்தா சும்மா இருக்கவில்லை. "அறுபது வருசமா ரங்கூன் ஆத்துல குளிக்கும்போது தொலைஞ்சு போச்சுன்னுல்ல சொன்னீக!"

ஐயா பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். திரையில் பையன் பந்தத்தோடு உறைந்து நிற்கிறான். "இந்தப் பய அவங்களைச் சரியான வழியில கூட்டிட்டுப் போகல. காலைப் பாரு, நிதானமா வைக்கிறான். பயந்தவன் இப்படி வைக்கமாட்டான்" என்றார். பிறகு, "ம், போடு."

சரியாகத்தான் சொன்னாரா என்பதை நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வீட்டு ஏற்பாடு. செட்டிநாட்டு வீட்டில் புரொஜெக்டர் போடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, சுவர் வெள்ளையாக இருக்கிறதே என்று நேராகச் சுவரில் அடிப்பது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த சுவர் கண்ணாடி மாதிரி. நடுவில் விளக்கு போட்டதுபோல் ஒரு வட்டம் பளீரென்று தெரியும். படம் முழுக்கப் பனி வேறு, கண் கூசும். எட்டு முழ வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்துத் தூணுக்குத் தூண் கட்டுங்கள். முற்றத்தில் வேண்டாம். மார்கழிப் பனி இறங்கும், பெரியவர்களுக்கு ஆகாது. பட்டாலைதான் சரி. ஆத்தங்குடிக் கல்லும் உயரமான கூரையும் சேர்ந்து சத்தத்தைத் திருப்பித் திருப்பி எறியும். ஜமுக்காளமோ கோரைப்பாயோ தரை முழுக்க விரித்துவிட்டால் பாதி எதிரொலி அடங்கிவிடும். ஸ்பீக்கரை மூலையில் வைக்காதீர்கள். பாப்கார்ன் வாங்க வேண்டியதில்லை, நோன்புப் பொரி மிச்சம் இருக்கும்.

எட்டு வயதுப் பையன் விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் கொலை இருக்கிறது, அதில் ஒரு பிள்ளையும் சாகிறது. விலாவாரியாகக் காட்டவில்லை என்றாலும் உறைக்கும். அந்தச் சில நிமிஷம் அவனை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, "அவங்க வீட்டாளுகளைக் கொன்னுட்டாங்க" என்று பிறகு சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பிள்ளை ரொம்பப் பயந்த சுபாவம் என்றால் வேறு படத்துக்குப் போய்விடுங்கள்: ஸ்வீடனில் 1984-ல் எடுத்த 'ரோனியா'. ஆஸ்த்ரித் லிண்ட்கிரன் எழுதிய கதை. இடி விழுந்து இரண்டாகப் பிளந்த கோட்டையின் ஆளுக்கொரு பாதியில் இரண்டு கொள்ளைக் கூட்டங்கள், ஒரு தலைவனுக்குப் பெண், இன்னொருவனுக்குப் பையன். பங்காளிச் சண்டையில் வளவை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு முன்கதை எதுவும் சொல்ல வேண்டாம்.

ரஷ்யப் படங்களில் 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' (1938) பெரிய பெயர். 1242-ல் உறைந்த ஏரிமேல் நடந்த சண்டையைக் கோடையில், செயற்கைப் பனிக்கட்டி போட்டு எடுத்தார்கள். அந்தக் கட்டம் அருமை, மற்ற இடங்களில் பிரசங்கம். பிள்ளைகளுக்கு 'இலியா முரோமெத்ஸ்' (1956) பிடிக்கும், மூன்று தலை நாகம் நெருப்புக் கக்கும். மோஸ்ஃபில்ம் நிறுவனம் தன் பழைய படங்களை யூட்யூபில் தானே போட்டுவைக்கிறது, அங்கே தேடுங்கள். இத்தாலியில் 1966-ல் வந்த 'பிரான்கலியோனே படை' நல்ல சிரிப்பு, ஆனால் பெரியவர்கள் மட்டும் பார்க்க. உருப்படாத ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரியத்துக்குக் கிளம்புவதை இன்றைக்கும் இத்தாலிக்காரர்கள் அந்தப் பெயரால்தான் கிண்டல் செய்கிறார்கள். நோன்புக்கு ஊருக்கு வருகிற நம் கார் பயணங்களுக்கும் பொருந்தும்.

இவை எல்லாம் நல்லவைதான். ஆனால் 14 பேரும் ஒரே இடத்தில், ஒரே ராத்திரி என்றால் நான் 'ஓஃபெலாஷ்' தான் போடுவேன். டிஸ்க் கிடைத்ததும் சப்டைட்டில் ஓடுகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். படிக்கப்போகிறவருக்கு நோட்டை இரண்டு நாள் முன்னால் கொடுங்கள். வேட்டியைக் கஞ்சி போடாமல் துவைத்து, மடிக்காமல் கொடியிலேயே விட்டுவைக்கவும். எங்கள் வீட்டுத் திரையில் மடிப்புக்கோடு ஒன்று மலைக்குக் குறுக்கே கடைசிவரை இருந்தது. சின்னப் பிள்ளைகள் அதை ஆறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.